ஆள் மாறினும் பெயர் நிற்குமோ?

ஒரு பொருளுக்குப் பெயரிடுதல் எளிது. அப்பெயர் எதனைக் குறிக்கின்றது என வரையறுத்தல் அரிது. தனி மனிதர் ஒருவரின் பெயர் அவரோடு ஒட்டி நிற்றலின் அங்கு ஐயத்திற்கு இடமில்லை. ஆனால் பலர் கூடி ஒரு பெயரைத் தாங்குமிடத்து, அவருள் ஒருவர் நீங்கி மற்றொருவர் புகுவாராயின், அப்பெயர் முன்னிருந்தாரைக் குறிக்குமா, பின்வந்தாரைக் குறிக்குமா, அன்றி இருசாராரையும் கடந்து நிற்கும் வேறொன்றைக் குறிக்குமா? இவ்வினா தருக்க நூலார்க்கு மட்டும் உரியதன்று. இசையை விரும்பிக் கேட்பார் எவர்க்கும் ஒருநாள் எழுவதே. எமக்கு அஃது எழுந்தது ‘யெஸ்’ என்னும் ஆங்கில இசைக்குழுவின் வாயிலாக. அக்குழுவைக் குறித்து யாம் கருதுவதை ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

‘யெஸ்’ என்பது ‘ஆம்’ எனப் பொருள்படும் சிறு சொல். 1968-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில், ஜான் ஆண்டர்சன் என்னும் பாடகரும் கிரிஸ் ஸ்குவையர் என்னும் பேஸ் கித்தார் வித்துவானும் கூடித் தொடங்கிய குழுவிற்கு அப்பெயர் இடப்பெற்றது. கித்தாருக்குப் பீட்டர் பாங்க்ஸ், ஆர்கனுக்கு டோனி கே, டிரம்ஸுக்குப் பில் ப்ரூஃபோர்ட் ஆகிய மூவரும் அவ்விருவரோடு சேர, ஐவராயினர். இவர்கள் கையாண்ட இசை வகைக்கு ‘ப்ராக்ரஸிவ் ராக்’ என்று பெயர் வழங்குகின்றது. ராக் இசையின் விசையையும் மின்வாத்தியங்களையும் கைவிடாமல், ஐரோப்பியச் சாஸ்திரீய சங்கீதத்தின் நெடிய அமைப்பையும், ஜாஸ் இசையின் தாள நுட்பத்தையும் அதனோடு இணைப்பதே இவ்வகையின் நோக்கம். மூன்று நிமிடத்தில் முடியும் காதற்பாட்டே வழக்காயிருந்த காலத்தில், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாட்டால் நிரப்பத் துணிந்தவர் இவர்.

எம் மாமா ஒருவர் பழைய ஒலிநாடாக்களை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். மழைக்கால விடுமுறையொன்றில் அப்பெட்டியைத் திறந்தபொழுது இக்குழுவின் இசை எம் கைக்குக் கிட்டியது. முதல்நாள் கேட்டபொழுது ஒன்றும் விளங்கவில்லை. இத்துணை வாத்தியங்கள் ஏன் ஒருங்கே பேசுகின்றன என்று சலிப்பே தோன்றிற்று. பத்தாம் நாள் அதனை விட முடியவில்லை. பின்னர் விடுதிக்கு வந்து, கைப்பேசியின் உதவியால் அக்குழுவின் ஏனைய படைப்புக்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தோம்.

ஓரிரவு எம் அறைத்தோழர் ஒரு கேள்வி கேட்டார். “இன்று இப்பெயரோடு மேடையேறுவாருள் 1968-இல் இருந்தவர் ஒருவரேனும் உண்டோ? இல்லை. பெயர்ப்பலகை பழையது, கடை வேறு. நீர் எதனை நேசிக்கின்றீர்? ஆளையா, பலகையையா?” என்றார். அன்றிரவு எமக்கு விடை தோன்றவில்லை. அவர் கூறியதில் பொய் யாதுமில்லை என்பதே எம்மை வருத்திற்று. அக்குழுவின் வரலாற்றைத் தொடக்கமுதல் மீண்டும் ஆராய்ந்த பின்னரே, கேள்வி இட்ட முறையிற் பிழையுளது என்று கண்டோம்.

முதலிற் கருதத்தக்கது யாதெனின், இக்குழு பெரும்புகழ் எய்தியது தொடக்கத்து ஐவராலன்று. 1970-இல் பாங்க்ஸ் விலக்கப்பட்டு ஸ்டீவ் ஹவ் வந்தார். அடுத்த ஆண்டில் டோனி கே நீங்கினார். அவர் ஆர்கனையும் பியானோவையும் விரும்பினாரேயன்றி, அக்காலத்துப் புதியனவாகிய மெல்லோட்ரானையும் மூக் சிந்தசைசரையும் ஏற்க மனங்கொள்ளவில்லை. அவர் இடத்திற்கு வந்தவர் ரிக் வேக்மன். 1971-இல் வெளிவந்த ‘தி யெஸ் ஆல்பம்’ ஹவ்வின் வரவினாலும், அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த ‘ஃப்ராஜைல்’ வேக்மனின் வரவினாலும் சிறந்தன. எனவே, ‘தொடக்கத்தாரே உண்மைக் குழு’ என்பாரது கொள்கையை ஏற்போமாயின், அக்குழுவின் தலைசிறந்த படைப்புக்களையே போலி என்று தள்ள நேரும். அங்ஙனம் தள்ளுவார் எவரும் இலர்.

தமிழ் பயில்வார்க்குப் புணர்ச்சி இலக்கணம் புதிதன்று. நிலைமொழியோடு வருமொழி சேருங்கால், ஓரிடத்து ஓரெழுத்துத் தோன்றும், ஓரிடத்துத் திரியும், ஓரிடத்துக் கெடும். வாழையும் பழமும் சேர்ந்தால் இடையே ஒரு மெய் பிறக்கின்றது. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொன்னின் ஈறே வேறாகின்றது. வந்த சொல் தான் மட்டும் வந்து நின்றுவிடவில்லை. இருந்த சொல்லையும் மாற்றிவிட்டது. ஆயினும் பொற்குடத்தில் பொன் இல்லையென்று சொல்வார் யார்? ஹவ்வும் வேக்மனும் வந்த வரவு இத்தகையது. ஹவ் நாட்டுப்புறக் கித்தாரின் விரல்நடையையும் சாஸ்திரீயக் கித்தாரின் அமைதியையும் உடன்கொணர்ந்தார். வேக்மன் இலண்டன் ராயல் இசைக்கல்லூரியிற் பயின்ற கையோடு வந்தார். இவர்கள் வந்தபின் ஸ்குவையர் வாசிப்பதும் ஆண்டர்சன் பாடுவதும் முன்போல இருக்கவில்லை.

இதற்குச் சான்று 1972-இல் வெளிவந்த ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’. அதன் தலைப்புப் பாட்டு ஏறக்குறைய 19 நிமிடம் ஓடும். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ என்னும் நாவலைத் தூண்டுகோலாகக் கொண்டு எழுந்தது அது. பறவைகளின் குரலும் நீரோசையும் மெல்ல எழுந்து வர, திடீரென வாத்தியங்கள் அனைத்தும் ஒருங்கே பாய்கின்றன. முதற்கேள்வியில் அஃது ஆரவாரமாகவே தோன்றும். பழகிய செவிக்கோ, அவ்வாரவாரத்துள் ஒவ்வொரு வாத்தியமும் மற்றதற்கு வழிவிடுதல் புலப்படும். பேஸ் கித்தார் பொதுவாகக் கீழே கிடந்து தாங்குவது. ஸ்குவையரின் கையில் அது கூர்மையான ஒலியோடு மேலெழுந்து தன் வழியே நடக்கும். அது மேலெழும்பொழுது ஹவ்வின் கித்தார் ஒதுங்கும். ப்ரூஃபோர்ட் எதிர்பார்த்த இடத்தில் அடியாமல் விடுவார். அவ்விடைவெளியிற் பாட்டு மூச்சுவிடும். நடுவே அனைத்தும் அடங்க, குரல்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி நிற்க, அவற்றின் பின் இலண்டன் நகரத்துக் கோவிலொன்றின் பெரிய குழலார்கனை வேக்மன் வாசிக்கின்றார். அவ்விடத்தை யாம் எத்தனை முறை கேட்டிருப்போம் என்று எண்ணியதில்லை. ஒருமுறையேனும் உடல் சிலிர்க்காமற் கேட்டதில்லை.

இத்துணை உயர்ந்த படைப்பின் பதிவு முடிந்ததும் நிகழ்ந்தது யாது? ப்ரூஃபோர்ட் விலகினார். குழு புகழின் உச்சியை நெருங்கும் வேளையில் அதனை விட்டு, முன்னிசையாத இசையை அக்கணமே இசைக்க விரும்பிக் ‘கிங் கிரிம்ஸன்’ குழுவிற் சேர்ந்தார். அவர் இடத்திற்கு ஆலன் ஒயிட் வந்தார். ஜான் லெனனோடு வாசித்தவர் அவர். அமெரிக்கப் பயணம் தொடங்க மூன்று நாளே இருந்த நிலையில், அக்கடினமான பாட்டுக்களையெல்லாம் பயின்று மேடையேறினார். ஜாஸ் நடையிற் பழகிய ப்ரூஃபோர்டின் அடி மெல்லியது, கோணலானது. ஒயிட்டின் அடியோ கனத்தது, நேரானது. அவர் முன்னவரைப் போல வாசிக்க முயன்றிருந்தால் அவருடைய நிழலாகவே முடிந்திருப்பார். தம் கையால் தம் அடியையே அடித்தார். 2022-இல் அவர் மறையும்வரை, ஏறக்குறைய 50 ஆண்டுகள், அக்குழுவின் தாளம் அவரே. வந்தேறி என்று அவரை இன்று யாரேனும் கூறுவரோ?

இனி எம் பிழையொன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். 1980-இல் ஆண்டர்சனும் வேக்மனும் ஒருங்கே விலகினர். அவர்தம் இடங்களுக்கு ட்ரெவர் ஹார்னும் ஜெஃப் டௌன்ஸும் வந்தனர். ‘பகிள்ஸ்’ என்னும் பெயரோடு, முந்திய ஆண்டில் ஒரு சிறு பாட்டால் பெரும்புகழ் பெற்றவர் இவ்விருவர். ஆண்டர்சனின் குரல் இல்லாத யெஸ், உப்பில்லாப் பண்டம் என்று யாம் முடிவுகட்டி, அவ்வாண்டு வெளிவந்த ‘டிராமா’ என்னும் தட்டை ஓராண்டுவரை தொடவேயில்லை. கேளாமலே தீர்ப்பளித்தோம். பின்னர் ஒருநாள், வேறொன்றைத் தேடும்பொழுது அது தற்செயலாய் ஒலிக்கத் தொடங்கிற்று. பத்து நிமிடத்திற்கு மேற்பட்ட அதன் முதற்பாட்டு முடியும்வரை யாம் அசையவில்லை. கித்தார் கடினமாய், இருண்டதாய் ஒலித்தது. ஸ்குவையர் முன்னினும் உரக்கப் பேசினார். புதியவர் இருவரும் தம் காலத்து இயந்திர ஒலிகளைத் தயங்காமற் கொணர்ந்திருந்தனர். குரல் மாறிற்று, ஆயினும் ஒருவர்க்கொருவர் செவிகொடுக்கும் அந்தப் பழைய ஒழுக்கம் மாறவில்லை. அங்கே குழு இருந்தது. மேடையில் ஹார்ன், ஆண்டர்சனின் உயர்ந்த சுருதியை எட்டித் துன்புற்றார் என்பதும், தாய்நாட்டாரிற் சிலரே அவரை இகழ்ந்தனர் என்பதும் உண்மை. அவ்விகழ்ச்சிக்கும் எம் ஓராண்டுப் பிடிவாதத்திற்கும் வேறுபாடு பெரிதன்று.

அதே ஹார்ன் பாடுதலை விட்டு, பதிவை நடத்துவோராகி, 1983-இல் இக்குழுவிற்கே ‘90125’ என்னும் தட்டை அமைத்துக் கொடுத்தார். வெளியீட்டு நிலையத்தார் அத்தட்டுக்கு இட்ட எண்ணே அதன் தலைப்பாயிற்று. அப்பொழுது கித்தார் வாசித்துப் பாட்டுக்கள் பலவற்றை இயற்றியவர் தென்னாப்பிரிக்கராகிய ட்ரெவர் ரேபின். ஆண்டர்சனும் டோனி கேயும் திரும்பியிருந்தனர். 1984 ஜனவரியில் அதிலுள்ள ஒரு பாட்டு அமெரிக்க விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. இக்குழுவிற்கு அங்கே அப்பேறு வாய்த்தது அவ்வொருமுறையே. பழைய இரசிகர் பலர் இதனை வீழ்ச்சி என்பர். நெடும்பாட்டுக்களின் விரிவு அதில் இல்லை என்பதை யாமும் ஒப்புகின்றோம். ஆயினும் ரேபின் பிறர் உடையை அணிந்து வரவில்லை. தம் உடையிலேயே வந்தார். விருப்பு வெறுப்பு வேறு. உண்மை பொய் வேறு.

எம் கருத்தை வலியுறுத்தும் எதிர்ச்சான்றும் இவ்வரலாற்றிலேயே உளது. 1989-இல் குழு இரண்டுபட்டது. ஆண்டர்சன், ப்ரூஃபோர்ட், வேக்மன், ஹவ் ஆகிய நால்வர் ஒருபுறம் கூடினர். ஆயினும் பெயருரிமை ஸ்குவையர் முதலாயினோரிடம் இருந்தமையின், அந்நால்வரும் தத்தம் பெயர்களையே வரிசையாக எழுதிக்கொண்டு தட்டு வெளியிட நேர்ந்தது. இரண்டாண்டில் இருசாராரும் இணைந்தனர். 1991-இல் வெளிவந்த தட்டிற்கு ‘யூனியன்’, அதாவது ‘ஒன்றியம்’, என்பதே பெயர். எண்மர்! புகழ்பெற்ற பெயர்களுட் பெரும்பாலானவை ஒரே அட்டையில். என் செய்வது! அத்தட்டில் எண்மரும் ஒருங்கே வாசித்த பாட்டு ஒன்றேனும் இல்லை. இரு கூட்டத்தார் தனித்தனியே பதிந்தவற்றை ஒட்டினர். கூலிக்கு வந்த வித்துவான்கள் பலர் இடையிடையே வாசித்தனர். வேக்மன் அதனைக் கேட்டாற் கண்ணீர் வருகின்றதென்று கூறி, அதன் பெயரைச் சற்றே திரித்து ‘வெங்காயம்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் அழைத்தார்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குக. 1980-இல் முதன்மைப் பாடகர் இல்லை; குழு இருந்தது. 1991-இல் அனைவரும் இருந்தனர், குழு இல்லை. ஆகவே குழு என்பது ஆட்களின் தொகை அன்று. ஒருவர் வாசிப்பதற்கு மற்றவர் செவிகொடுத்து, அதனால் தம் வாசிப்பை மாற்றிக்கொள்ளும் அவ்வுறவே குழு. பெயர் அவ்வுறவிற்கே உரியது.

அங்ஙனமாயின் எவர் வந்தாலும் நன்றோ எனின், அன்று. வருமொழி எத்தகையது என்பதே வினா. 2008-இல் ஆண்டர்சன் மூச்சுத்திணறலால் கடுமையாக நோயுற்றார். திட்டமிட்ட பயணம் கைவிடப்பட்டது. அவர் தேறுமுன்னரே ஏனையோர் புறப்பட விரும்பி, அக்குழுவின் பாட்டுக்களைப் பின்பற்றிப் பாடிவந்த கனடா நாட்டுக் குழுவொன்றிலிருந்து பெனுவா டாவிட் என்பவரை அழைத்துக்கொண்டனர். அவர் அழைக்கப்பட்ட காரணம் அவரிடத்துப் புதிதாக ஏதோ உளது என்பதன்று. முன்னவரைப் போலவே ஒலித்தார் என்பதே. பின்னர் அவரும் மூச்சுநோயுற, 2012-இல் ஜான் டேவிசன் வந்தார். அவரும் அத்தகைய பின்பற்றுங் குழுவொன்றிற் பாடியவரே. இவ்விடத்து எம் உள்ளம் குழுவின் பக்கம் நிற்கவில்லை. நாற்பதாண்டு உழைத்தவர் நோய்ப்படுக்கையில் இருக்க, அவர் குரலின் படியெடுப்பை மேடையேற்றியது அவர்க்கும் அழகன்று, வந்தவர்க்கும் நன்மையன்று. முன்னவரின் சட்டையைத் தைத்து வைத்துவிட்டு, அதற்குள் நுழையும் உடலைத் தேடுதல் போன்றது அது. இலக்கணத்தில் எழுத்து யாதும் தோன்றாமலும் திரியாமலும் கெடாமலும் இரு சொற்கள் நிற்பதை இயல்பு என்பர். இசையில் அவ்வியல்பு உறக்கத்தின் மறுபெயராகும்.

2015 ஜூன் 27-ஆம் நாள் ஸ்குவையர் இறந்தார். தொடக்கமுதல் அன்றுவரை இப்பெயரோடு வெளிவந்த நிலையப் பதிவுத் தட்டுக்கள் அனைத்திலும் வாசித்தவர் அவர் ஒருவரே. அவர் விருப்பப்படியே பில்லி ஷெர்வுட் அவ்விடத்தை ஏற்றார். அதன்பின் நடந்த கச்சேரிகளில், அவருடைய கித்தாரை மட்டும் மேடையில் நிறுத்தி, அவர் இயற்றிய பாட்டொன்றின் பழைய பதிவை ஒலிக்கச் செய்தனர். வெற்றிடத்தை ஒருகணம் வெற்றிடமாகவே காட்டிய அச்செயல் எமக்குப் பெரிதும் உவப்பானது. இறந்தாரை மதித்தல் என்பது அவரைப் போல நடித்தலன்று. அவர் இல்லை என்பதை மறையாதிருத்தலே.

அறைத்தோழர் கூறியபடி, ஸ்குவையரோடு தொடக்கத்தார் வரிசை முடிந்தது. 2017-இல் ஆண்டர்சன், ரேபின், வேக்மன் மூவரும் அதே பெயரைத் தம் பெயர்களோடு சேர்த்து வழங்கியமையால், சிறிது காலம் இரண்டு ‘யெஸ்’ உலவின. எது உண்மை என்று இரசிகர் பூசலிட்டனர். எம் விடை இது: எவ்விடத்துச் செவிகொடுத்தல் நிகழ்ந்ததோ, அவ்விடத்து அன்று அப்பெயர் உண்மை. அதனைப் பத்திரம் தீர்மானிக்காது. பிறந்த ஆண்டும் தீர்மானிக்காது. நடுவுநிலை கருதி ஒன்று சொல்லல் வேண்டும். படியெடுப்பாக அழைக்கப்பட்ட டேவிசன் படியெடுப்பாகவே நின்றுவிடவில்லை. வந்த சில ஆண்டுகளிலேயே பாட்டியற்றத் தொடங்கினார். 2023-இல் வெளிவந்த ‘மிரர் டு தி ஸ்கை’யில் அவர் பங்கு பெரிது. பழைய உயரத்தை அத்தட்டு எட்டியது என்று யாம் கூறமாட்டோம். ஆனால் அதில் ஒருவர் தம் சொந்தக் குரலைத் தேடும் முயற்சி கேட்கின்றது. ஐம்பதாண்டுப் பழைய பாட்டைப் பிழையின்றித் திருப்பிப் பாடுவதினும் அம்முயற்சியை யாம் மேலாக மதிக்கின்றோம்.

இவ்விதழைப் படிப்போர்க்கு இவ்வினா அயலானதன்று. எம் கல்லூரியின் பாடற்குழுவிற் பாடுவோர் மூன்றாண்டில் முற்றிலும் மாறிவிடுகின்றனர். ஆயினும் பாடற்குழு என்ற பெயர் மாறவில்லை. ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் அஞ்சிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் நிற்கும் புதியவரை நோக்கி, “சென்ற ஆண்டு பாடியவரைப் போலப் பாடு” என்று சொல்வதும், “உன் குரல் எத்தகையது? பாடு, கேட்போம்” என்று சொல்வதும் ஒன்றல்ல. முன்னது பெயரைக் காக்கும். பின்னது பெயருக்குரிய பொருளைக் காக்கும். அடுத்த ஆண்டு யாம் நின்ற இடத்தில் வேறொருவர் நிற்பார். அவர் எம்மைப் போலப் பாடுதல் வேண்டா. அருகில் நிற்பவரைக் கேட்டுப் பாடினாற் போதும்.

எம் தோழர்க்கு யாம் கூறும் விடை இதுவே: யாம் நேசிப்பது ஆளையும் அன்று, பலகையையும் அன்று. ஒருவர் கேட்க, மற்றவர் ‘ஆம்’ என்று விடையிறுக்கின்றாரே, அவ்விடையையே நேசிக்கின்றோம். அது கேட்கும்வரை பெயர் நிற்கும். கேளாத நாளில், தொடக்கத்து ஐவரும் எழுந்து வந்து நிற்பினும் நில்லாது.